விமானத்தின் எண்ணும் மனிதனின் பெயரும்

"குர்லாவில் குடியிருக்கும் தமிழனுக்கும், நூறாண்டுக்கு முன் ஜெர்மானியர் ஓட்டிய விமானங்களுக்கும் என்னப்பா உறவு?" என்று வகுப்புத் தோழர்கள் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. தபால்தலை சேர்ப்பவர் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர் உண்டு. முதல் உலக யுத்த காலத்துப் புகைப்படம் ஒன்றைக் கையில் எடுத்து, அதில் நிற்கும் விமானம் எது, எந்த ஆண்டினது, எந்தப் படையினுடையது என்று துப்பறிவது என் பொழுதுபோக்கு. பௌதிகப் பாடமும் ஆய்வுக்கூடமும் போக எஞ்சிய நேரத்தை இதற்கே செலவிடுகிறேன். இதனால் ஆகும் பயன் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு இக்கட்டுரையே என் பதில்.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிய 'எம்டன்' கப்பலைத் தமிழர் மறக்கவில்லை. எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்த அந்த இரவுக்குப் பின், சூழ்ச்சியும் துணிவும் உள்ளவனை "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் வழக்கே நம் பேச்சில் வந்துவிட்டது. ஆனால் அதே ஜெர்மானியர் பம்பாய்க்கு அனுப்பிய இன்னொரு கப்பலை எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயர் 'வோல்ஃப்'; அதாவது ஓநாய். சரக்குக் கப்பல்போல் வேடமிட்டு, பொய்த் தகடுகளுக்குப் பின்னே பீரங்கிகளை ஒளித்துக்கொண்டு, 1916 நவம்பர் 30-ஆம் நாள் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. 1917 பிப்ரவரியில் கொழும்பின் அருகிலும், பின்னர் பம்பாயின் அருகிலும் கடலில் கண்ணிவெடிகளை இட்டுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் நழுவியது. நான்கு மாதங்கள் சென்ற பிறகு, ஜூன் 23-ஆம் நாள், 'மங்கோலியா' என்னும் பயணிக் கப்பல் பம்பாய்க்கு அப்பால் அக்கண்ணிகளில் ஒன்றில் மோதி மூழ்கியது. உயிர்கள் பல போயின. வெடியை வைத்தவன் அப்போது பசிபிக் கடலில் இருந்தான்! கரை எதிலும் தங்கி நிலக்கரி வாங்க வழியில்லாமல், பிடித்த கப்பல்களின் நிலக்கரியையும் உணவையும் கொண்டே 451 நாட்கள் கடலில் கழித்து, ஏறத்தாழ 64,000 கடல் மைல் சுற்றி, 1918 பிப்ரவரியில் அக்கப்பல் கீல் துறைமுகத்திற்கே திரும்பிற்று.

அதன் தலைவர் நெர்கர் இத்தனை நாள் தப்பியதற்கு ஒரு காரணம், கப்பலில் இருந்த ஒரு சிறு விமானம். மாலுமிகள் அதைச் செல்லமாக 'ஓநாய்க்குட்டி' என்று தம் மொழியில் அழைத்தார்கள். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் எஃப்.எஃப்.33 என்னும் வகை. கடற்படை எண் 841. சக்கரங்களுக்குப் பதில் இரண்டு மிதவைகள். பாரந்தூக்கியால் அதைக் கடலில் இறக்குவார்கள். பறந்து பார்த்துவிட்டு வந்து அது கடலிலேயே இறங்கும். மறுபடி தூக்கி மேலே வைப்பார்கள். இதன் பயனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில் கப்பலின் மேடையில் நிற்பவனுக்குத் தொடுவானம் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவு. 1,000 மீட்டர் உயரே பறப்பவனுக்கோ அது 113 கிலோமீட்டர். வேட்டையாடவும் உதவும், வேடன் வந்தால் ஓடவும் உதவும் கண் அது. 1917 ஜூன் 2-ஆம் நாள் நியூசிலாந்துக்கு வடக்கே 'வைருனா' என்னும் கப்பலின் மேலே பறந்து, "கம்பியில்லாத் தந்தியைத் தொடாதே" என்னும் கட்டளையைப் பையில் கட்டித் தளத்தில் போட்டது இக்குட்டி. முன்னால் ஒரு வெடியையும் போட்டுக் காட்டியது. கப்பல் பணிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வோல்ஃப் பிடித்த ஆஸ்திரேலியக் கப்பலின் பெயரைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 'மாட்டுங்கா'! ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து நம் மாட்டுங்காவேதான். காலையில் நாம் பில்டர் காபி குடிக்கும் மாட்டுங்காவுக்கும், நியூகினி நோக்கிச் சரக்கு ஏற்றிச் சென்ற அக்கப்பலுக்கும் எழுத்து ஒன்று என்பதைத் தவிர வேறு உறவைக் கற்பிக்க நமக்கு உரிமை இல்லை. எழுத்து ஒன்றானதால் பொருளும் ஒன்றாகிவிடாது. பழைய புகைப்படத்தைப் படிக்கப் புகுவோர்க்கு இது முதற்பாடம்.

இப்பாடத்தை எனக்கு வேறு வகையில் கற்பித்தவர் என் தந்தையார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, குர்லா கார் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளோடு வாழ்நாளைக் கழித்தவர். புதுவர்ணம் பூசிக்கொண்டு ஒரு வண்டி பிளாட்பாரத்தில் வந்து நின்றால், "இது இத்தனை வருஷத்துப் பழைய வண்டி" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால், "ஏல, பெயிண்டு நேத்து அடிச்சது. எலும்பு பொறக்கும்போதே வந்தது. அடிச்சட்டத்தப் பாரு" என்பார். விமான நூல்கள் பல படித்த பிறகும், இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆகவே எலும்பிலிருந்து தொடங்குவோம். சிறகு ஒற்றையா, இரட்டையா, மூன்றடுக்கா? மேல்சிறகையும் கீழ்ச்சிறகையும் இணைக்கும் கால்கள் ஒரு பக்கத்தில் எத்தனை இணை? எந்திரம் எத்தகையது? முகப்பு உருண்டையான தகட்டு மூடியாய் இருந்தால், உள்ளே சுழலும் எந்திரம் என்று ஊகிக்கலாம். ஃபாக்கர் ஒற்றைச் சிறகு விமானத்தில் இதைக் காணலாம். சிலிண்டர்கள் வரிசையாய்த் தலைநீட்டிக்கொண்டிருந்தால் அது நீரால் குளிரும் எந்திரம். அப்படியானால் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் எங்கே என்று தேட வேண்டும். உடம்பு துணி போர்த்ததா, மெல்லிய பலகை ஒட்டியதா? துணியானால் சட்டங்களுக்கிடையே சற்றே குழிந்திருக்கும். பலகையானால் வழவழவென்று இருக்கும். கடைசியில் வால். மனிதர்க்கு மூக்கு எப்படியோ, விமானத்திற்கு வால் அப்படி. ஃபாக்கரின் வாலைக் கால்புள்ளிபோல் வளைந்திருப்பது கொண்டே அறியலாம்.

'டௌபே' என்னும் விமானத்தின் கதை இன்னும் சுவையானது. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்குப் புறா என்று பொருள். புறாவின் இறக்கைபோல் பின்வளைந்த சிறகு அதற்கு. ஆனால் அதை வகுத்த ஆஸ்திரியர் ஏட்ரிச்சுக்கு வழிகாட்டியது பறவையன்று. தென்கிழக்காசியக் காடுகளில் ஒரு கொடியிலிருந்து காற்றில் மிதந்து இறங்கும் சிறகுள்ள விதை! 1914-இல் சீனக் கடற்கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் கோட்டையை ஜப்பானியரும் ஆங்கிலேயரும் முற்றுகையிட்டபோது, ஆங்கிலேயர் பக்கம் சீக்கியச் சிப்பாய்களும் நின்றார்கள். கோட்டைக்குள்ளிருந்து பறந்து அவர்கள் நிலைகளை வேவு பார்த்தது இத்தகைய ஒரு டௌபேதான்.

எலும்பைப் பார்த்த பின்னரே எழுத்தைப் படிக்க வேண்டும். ஜெர்மானியர் ஒழுங்கு விரும்பிகள். ஆயுதமற்ற ஒற்றைச் சிறகுக்கு 'ஏ'. ஆயுதமற்ற இரட்டைச் சிறகுக்கு 'பி'. இருவர் அமர்ந்து துப்பாக்கியும் ஏந்திய இரட்டைச் சிறகுக்கு 'சி'. ஒருவர் ஓட்டும் சண்டை விமானத்திற்கு 'டி'. ஆயுதமுள்ள ஒற்றைச் சிறகுக்கு 'இ'. மூன்றடுக்குக்கு 'டிஆர்' என்று தரைப்படை விமானங்களுக்கு இனம் பிரித்து வைத்தார்கள். அத்துடன் ஓர் எண்ணும், ஆர்டர் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் சேரும். ரிக்ட்ஹோஃபன் என்னும் புகழ்பெற்ற வீரர் 1918 ஏப்ரல் 21-இல் மாண்டபோது ஓட்டியது ஃபாக்கர் டிஆர் 1, எண் 425/17. இந்த எண் புகைப்படத்தில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தெரியவேண்டிய இடத்தில்தான் யாராவது ஒரு அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்!

அடுத்தது சின்னம். தொடக்கத்தில் ஜெர்மன் விமானங்கள் நுனி விரிந்த இரும்புச் சிலுவையைத் தாங்கின. 1918 மார்ச்சில் பிறந்த ஆணையால் அது நேர்க்கோட்டுச் சிலுவையாயிற்று. எனவே நேர்ச்சிலுவை தென்பட்டால், படம் அந்த வசந்தத்திற்கு முந்தியது ஆகாது. விரிந்த சிலுவை தென்பட்டால் மட்டும் அதற்கு முந்தியது என்று அடித்துச் சொல்லலாமா? கூடாது. பழைய விமானம் பழைய வர்ணத்தோடு ஒரு மூலையில் கிடந்திருக்கலாம். சான்று எதுவரை நம்மைக் கொண்டுசெல்கிறதோ அதுவரைதான் நடக்க வேண்டும். அதற்குமேல் ஓரடி வைத்தாலும் அது கற்பனையின் எல்லை. அன்றியும், ஜெர்மனியில் செய்த விமானங்கள் துருக்கியப் படைக்குச் சென்றபோது, சிலுவை இருந்த இடத்தில் வெள்ளைக் கரையிட்ட கறுப்புச் சதுரம் ஏறியது. சின்னம் துருக்கியருடையது, எலும்பு ஜெர்மனியினுடையது. என் தந்தையார் சொன்னது இங்கும் சரியாய் இருக்கிறதல்லவா?

இனி என் பாடமான பௌதிகத்திற்கு வருகிறேன். அக்காலப் படம் கறுப்பு வெள்ளை என்று எல்லோரும் அறிவோம். ஆனால் அந்தக் கறுப்பும் வெள்ளையும் நம் கண் காணும் இருளும் ஒளியும் அல்ல. கண்ணாடித் தட்டில் பூசிய வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளியைத்தான் நன்கு உணரும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி, தக்க சாயம் கலந்தால் பச்சையையும் மஞ்சளையும்கூட அது உணரும் என்று கண்டார். அப்படியும் சிவப்புக்கு அத்தட்டு குருடாகவே இருந்தது. எல்லா நிறத்தையும் உணரும் தட்டு 1906 அளவில் விற்பனைக்கு வந்தும், யுத்த காலத்தில் பலர் கையில் இருந்தது பழைய வகையே. ஆகையால் நீல வானம் படத்தில் வெளுத்து மேகமற்றுப் போகும். ரிக்ட்ஹோஃபனின் சிவப்பு விமானம் ஏறக்குறையக் கறுப்பாய்த் தெரியும். ஆங்கிலேயரின் வட்டச் சின்னத்தில் வெளிவளையத்து நீலம் மங்கி, நடுவிலுள்ள சிவப்பு இருண்டு நிற்கும். படத்தில் கறுப்பாய்த் தெரிவது கறுப்பாகத்தான் இருந்தது என்று எண்ணுபவன் ஏமாறுவான்.

இத்தனையும் கற்றபின் ஒருநாள், சோர் பஜாரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில், தபாலட்டை அளவுள்ள ஒரு பழுப்புப் படத்தை 150 ரூபாய்க்கு வாங்கினேன். பாலைவனம் போன்ற வெட்டவெளி. ஒரு பக்கம் சாய்ந்த இரட்டைச் சிறகு விமானம். அதன் முன்னே தலைப்பாகை அணிந்த மூன்று சிப்பாய்கள், துப்பாக்கியோடு. பின்புறத்தில் ஆங்கிலத்தில் பென்சில் எழுத்து: 'ஜெர்மன் விமானமும் காவலும்'. அவ்வளவே.

இரண்டு வாரம் அதோடு போராடினேன். சிறகின் கால்கள் பக்கத்திற்கு இரண்டு இணை. மூன்று இருந்தால் ஆல்பட்ராஸ் பி.1 என்று சொல்லியிருப்பேன். உடம்பு பலகை. பின் இருக்கையில் துப்பாக்கி வளையம். வால் மீன்வால்போல் உருண்டது. ரேடியேட்டர் உடம்பின் பக்கவாட்டில் இல்லாமல் மேல்சிறகின் நடுமுகப்பில் இருந்தது. சிறகில் சதுரத்தின் ஒரு மூலை, அதன் வெள்ளைக் கரையோடு. முடிவு: ஆல்பட்ராஸ் சி.3, துருக்கியப் படையில் இருந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. தந்தையாரிடம் படத்தை நீட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வண்டி பேரு சரிதான்யா. காவலுக்கு நிக்கானே, இவன் பேரு என்ன?"

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வாரமும் என் உருப்பெருக்கிக் கண்ணாடி அம்மூவர் தோளையும் தாண்டிச் சென்றிருந்தது. இப்போது அவர்களைப் பார்த்தேன். விமானத்திற்குச் செய்ததையே அவர்களுக்கும் செய்தேன். நிழல் குட்டையாக விழுகிறது; உச்சிவேளை. நடுவிலிருப்பவர் இளைஞர், காற்பட்டையை ஒழுங்காகச் சுற்றியிருக்கிறார். வலப்புறத்தவரின் தோளில் உலோக எழுத்துக்கள் உண்டு, படிக்க இயலவில்லை. முகங்களோ மூன்று இருண்ட வட்டங்கள். காரணம் எனக்குத் தெரிந்ததே. நம்மவர் தோலின் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. அத்தட்டு நீலத்தையே விரும்பும். போதாக்குறைக்கு, எடுத்தவர் வெளுத்த சிறகுக்கு ஒளியளவு வைத்திருக்கிறார். விமானத்தின் பலகையில் மினுமினுப்புத் தெரிகிறது. அதைக் காத்து நின்றவனின் கண் தெரியவில்லை. நூறாண்டுக்கு முன் ஒரு கண்ணாடித் தட்டு நம் நிறத்திற்குக் குருடாய் இருந்தது என்பதைப் பரீட்சைத்தாளில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் புரிந்தது.

அவர்கள் தமிழர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். மதராஸ் சாப்பர்ஸ் படையினர் மெசப்பொட்டேமியாவில் பாலம் கட்டியும் பாதை போட்டும் உழைத்ததை வரலாறு சொல்கிறது. அம்மூவரில் ஒருவர் வட ஆர்க்காட்டுப் பிள்ளையாய் இருக்கக்கூடாதா? ஆனால் ஆசை சான்றாகாது. ஆல்பட்ராஸுக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியுமா? "இந்திய இராணுவத்தின் சிப்பாய்கள் மூவர்" என்றே என் குறிப்பேட்டில் எழுதினேன்.

நண்பர்களே, இதில் அந்தத் தட்டை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. யுத்தத்தில் மாண்டோர்க்காக இராக்கின் பாஸ்ராவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழுப்பி 1929-இல் திறந்தார்கள். நாற்பதாயிரத்திற்கு மேற்பட்டோர்க்கு அது நினைவிடம். அதில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்தார்கள். இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்தது என்ன? அவன் படைப்பிரிவின் பெயருக்கடியில், இத்தனை பேர் என்னும் எண்ணிக்கை! நினைவுச் சின்னங்களைப் பேணும் காமன்வெல்த் ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு இக்குறையை ஒப்புக்கொண்டது. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை என்று அவ்வறிக்கை கூறுகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விமானத்திற்கு எண் கிடைத்தால் அதன் பிறப்பும் வளர்ப்பும் இறப்பும் கிடைத்துவிடுகின்றன. 425/17 என்றால் உலகெங்கும் ஆர்வலர்கள் அதன் கதையை ஒப்பிப்பார்கள். மனிதனுக்கு எண்ணிக்கை மட்டும் கிடைத்தாலோ, இருந்த பெயரும் போய்விடுகிறது. ஒரு மரக்கூட்டின் வால் வளைவை அறிய இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்தார்கள். அந்த உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பார்க்கக் கற்றுத்தந்தது. அந்தப் பார்வை இன்னும் இரண்டடி தள்ளி நிற்பவன் மேலும் விழவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. நெல்லையிலிருந்து வந்தவனையும் சேலத்திலிருந்து வந்தவனையும், தோல் பதனிட்டவனையும் கணக்கெழுதியவனையும் 'மதராஸி' என்னும் ஒரே வர்ணத்தால் இந்நகரம் பூசிய காலம் ஒன்று உண்டு. மேல்வர்ணத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவுகட்டினால் எப்படியிருக்கும் என்பதைத் தாராவியிலும் குர்லாவிலும் செம்பூரிலும் வளர்ந்த நம் பெற்றோர் அறிவார்கள். ஆகவே அத்தவற்றை நாம் பிறர்க்குச் செய்யலாகாது, நம்மவர்க்கும் செய்யலாகாது.

செய்யக்கூடியது என்ன? பெரிய காரியம் ஒன்றுமில்லை. நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் தகரப்பெட்டி ஒன்று இருக்கும். அதில் மில்லின் வாசலிலோ, ரயில் ஷெட்டிலோ, துறைமுகத்திலோ எடுத்த கும்பல் படம் ஒன்றாவது இருக்கும். தாத்தாவோ பாட்டியோ பெரியப்பாவோ இன்னும் இருக்கும்போதே, அதை அவர்கள் மடியில் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகத்திற்கும் பெயர் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள், என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். பிறகு அட்டையின் பின்புறத்தில், ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் கெடும். கைப்பேசியில் படியெடுத்து வைப்பது நல்லதுதான். ஆனால் முகத்தை எடுத்த கைப்பேசி பெயரை எடுத்துத் தராது. பெயர் தெரியாதவரிடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதும் பெயர், இல்லாத பெயரைவிடக் கேடு.

நூறாண்டு கழித்து யாரோ ஒரு மாணவன் சந்தையில் அப்படத்தை வாங்குவான். பின்னால் நிற்கும் எந்திரம் எது என்பதை அவன் தன் திறமையால் கண்டுபிடித்துக்கொள்வான். முன்னால் நிற்பவர் யார் என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.